ஏழு லாட்ஜிலும் தங்கிய சாமிநாதன்

ஜெபா எங்கள் ஆபீசுக்கு வந்த முதல் நாளே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. அவள் மேல் ஒரு தப்பும் கிடையாது. ஏதாவது தப்பு இருந்திருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

இப்போது சாப்ட்வேர் வேலைக்கு வரும் பிள்ளைகள் எல்லாரும் என்னிடம் ஒன்று கேட்கிறார்கள். "கான்டெஸ்ட் போட்டுப் பழகுனா வேலைக்கு உதவுமா அண்ணே?" உதவும் என்றோ உதவாது என்றோ ஒரே வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியாது. நான் பார்த்ததைச் சொல்கிறேன். வயிற்றெரிச்சலோடுதான் சொல்வேன், அதைக் கழித்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

டீ ஆறுவதற்குள்

எங்கள் ஆபீஸ் தென்காசியை ஒட்டி, குத்துக்கல்வலசையில் ஒரு வீட்டு மாடியில் இருக்கிறது. கீழே டைல்ஸ் கடை. ரவி சார் சென்னையில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்து ஆரம்பித்தது. குற்றாலத்து லாட்ஜ்களுக்கு ரூம் புக்கிங் சாப்ட்வேர் செய்து கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. முதல் ஆளாகச் சேர்ந்தவன் நான். பெயர் வேலு. டிப்ளமோ படித்தவன். கடையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறேன்.

யாருக்கு எந்த ரூம் என்று முடிவு செய்யும் பகுதியை நாங்கள் அலாட்மென்ட் என்போம். அது முழுக்க நான் எழுதியது. ஒவ்வொரு சீசனுக்கும் ஒட்டுப்போட்டு, பிரித்து, திரும்ப ஒட்டி, வளர்த்து வைத்திருந்தேன். அதை வேறு யாரும் தொட மாட்டார்கள். தொடப் பயப்படுவார்கள் என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு.

புதிதாக ஆள் எடுக்கும்போது நான் எப்போதும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். புக்கிங் எல்லாவற்றின் வருகிற தேதி, போகிற தேதி கொடுத்துவிடுவேன். எல்லாரையும் தங்கவைக்கக் குறைந்தது எத்தனை ரூம் வேண்டும்? வருகிற பிள்ளைகள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வியர்ப்பார்கள். நான் டீ குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் கணக்குக்கு நானே முதல் தடவை இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டவன்.

ராயகிரியிலிருந்து அப்பாவோடு வந்திருந்தாள் ஜெபா. அவர் உரக்கடை வைத்திருக்கிறார். கீழே பைக்கிலேயே உட்கார்ந்துகொண்டார். இவள் தாளை வாங்கினாள், படித்தாள், நிமிர்ந்தாள்.

"எத்தனை புக்கிங் வரைக்கும் வரும் சார்?"

"எத்தனை வந்தா என்னம்மா? கணக்கு ஒண்ணுதான?"

"இல்ல சார். நூறு வந்தா ஒரு மாதிரி எழுதலாம். லட்சம் வந்தா வேற மாதிரி எழுதணும்."

சொல்லிவிட்டுக் கடகடவென்று எழுதிக் கொடுத்தாள். ஒரு பக்கம்கூட நிறையவில்லை. என் டீ சூடாகவே இருந்தது. ரவி சார் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை எங்கம்மா படிச்ச?" என்றார்.

"காலேஜ்ல படிச்சது கம்மி சார். ஞாயித்துக்கிழமை தோறும் நெட்ல கான்டெஸ்ட் போடுதேன்."

கான்டெஸ்ட் என்றால் புரோகிராம் எழுதும் போட்டி. குறிப்பிட்ட நேரத்துக்குக் கேள்விகளைத் திறந்துவிடுவார்கள். உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து எழுதுவார்கள். அனுப்பிய உடனே மெஷின் திருத்திச் சரி, தப்பு சொல்லிவிடும். சீக்கிரம் சரியாக எழுதினவனுக்கு ரேங்க். இவளுடைய ரேங்கை ரவி சார் போனிலேயே தேடிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே, என் அலாட்மென்டைப் பார்த்து அவர் ஒரு நாளும் அப்படி மலர்ந்ததில்லை.

அவள் கீழே இறங்கிப் போனதும் சொன்னேன்: "சார், கான்டெஸ்ட் வேற, வேலை வேற."

"பாப்போம்வே" என்றார்.

எனக்குக் கிடைத்த சந்தோஷங்கள்

பார்க்கத்தான் செய்தேன். அவள் எங்கே சறுக்குவாள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். சறுக்கவும் செய்தாள். உச்சி குளிர்ந்துபோனது எனக்கு.

அவள் எழுதும் புரோகிராம் கோடில், கணக்கில் வரும் ஒவ்வொன்றுக்கும் வைக்கும் பெயர்கள் எல்லாம் ஒற்றை எழுத்து. ஏ, பி, எக்ஸ், அதுவும் தீர்ந்தால் எக்ஸ் எக்ஸ். நான் ஒவ்வொன்றுக்கும் நீளமாக, இனிஷியல் வைத்த மாதிரிப் பெயர் வைப்பவன். "இந்த எக்ஸ் எக்ஸ் யாரும்மா?" என்று கேட்டேன். போன வாரம் அவளே எழுதியதுதான். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மறந்துட்டு அண்ணே" என்றாள். போட்டியில் ஒரு தடவை சரி என்று வந்துவிட்டால் அந்தக் கோடின் முகத்தில் யாரும் திரும்ப முழிப்பதில்லையாம். "இங்கன சீசன் தோறும் அதே மூஞ்சியிலதான் முழிக்கணும்" என்றேன். அன்று மத்தியானம் சாப்பாடு நன்றாக இறங்கியது.

போன் எடுக்கத் தெரியாது. லாட்ஜ் மேனேஜர் ஒருத்தர் கூப்பிட்டு, "ஏம்மா, ஒண்ணும் ஓட மாட்டேங்கு" என்றார். இவள் "என்ன இன்புட் குடுத்தீங்க சார்?" என்று கேட்டாள்.

"நான் என்னத்தக் குடுத்தேன்? எதுக்க நிக்கான் பாரு, அவந்தான் ரூம் கேக்கான்."

இவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் வாங்கி, "அண்ணே, ஒரு தடவை ஆப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றேன். ஓடியது. அந்த வாரம் முழுக்க எனக்கு நல்ல வாரம்.

ஆனால் அவளிடம் ஒரு குணம் இருந்தது. தப்பு என்று சொன்னால் அவளுக்கு உறைக்காது. அதாவது, அவமானமாக எடுத்துக்கொள்ள மாட்டாள். "ஓ, ராங் ஆன்சரா?" என்பாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அடுத்ததை எழுத ஆரம்பிப்பாள். நான் எல்லார் முன்னாலும் வைத்துச் சொல்லிப் பார்த்தேன், சுள்ளென்று சொல்லிப் பார்த்தேன். அதே "ஓ". அதே நாற்காலி. எனக்கு யாராவது ஒரு தப்பைக் காட்டினால் மூன்று நாளைக்குத் தூக்கம் வராது. முதலில் எனக்கும் அந்தத் தப்புக்கும் சம்பந்தமில்லை என்று நிரூபிப்பேன், அப்புறம்தான் அதைச் சரி செய்ய உட்காருவேன்.

சாரலுக்கு முன்னால்

சீசன் தொடங்குவதற்குச் சில வாரம் முன்பு லாட்ஜ் அண்ணாச்சி ஆபீசுக்கு வந்தார். குற்றாலத்தில் அவருக்கு ஏழு லாட்ஜ். எங்கள் வருமானத்தில் பெரும்பங்கு அவரால்தான். அவர் பெயரை ஆபீசில் யாரும் சொல்வதில்லை, அண்ணாச்சி என்றால் அவர்தான்.

"ரவி, போன சீசன்ல சனிக்கிழமையானா உங்க சாப்ட்வேரு சுத்திக்கிட்டே கெடக்கு. ஆளு கவுண்டர்ல நனைஞ்சுக்கிட்டு நிக்கான். அதைவிடு, ரூம் காலியா இருக்கும்போதே இல்லன்னு சொல்லுது. இந்த ஒரு சீசன் பாப்பேன். சரிப்படலன்னா மெட்ராஸ் கம்பெனிக்காரன் சாப்ட்வேர வாங்கிருவேன். பொறவு வருத்தப்படப்படாது."

ரூம் இருக்கும்போதே இல்லை என்றது என் அலாட்மென்ட்தான். அது முதலில் கண்ணில் படுகிற காலி ரூமைக் கொடுத்துவிடும். அதனால் ஒரு ரூமில் வெள்ளி மட்டும் காலி, இன்னொன்றில் சனி மட்டும் காலி என்று ஓட்டை விழும். இரண்டு நாளுக்குக் கேட்டு வருகிறவனுக்கு ரூம் இருக்காது. எனக்கும் தெரியும். சரி செய்ய முயன்று பார்த்துத் தோற்றவன்தான் நான்.

ஜெபா ஒரு யோசனை சொன்னாள். ரூம் நம்பரை முதலிலேயே ஏன் முடிவு செய்ய வேண்டும்? ஆள் வந்து கவுண்டரில் நிற்கும்போது கொடுத்தால் போதுமே. அதுவரை உள்ளுக்குள்ளே மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருக்கலாம். இரண்டே நாளில் எழுதிக் காட்டினாள். போன சீசனின் புக்கிங்குகளைப் போட்டு ஓட்டினோம். நான் இல்லை என்று திருப்பி அனுப்பியவர்களில் பாதிப் பேருக்கு அவளுடையது ரூம் கொடுத்தது. அதுவும் நான் என்டர் பட்டனிலிருந்து விரலை எடுப்பதற்குள்.

ரவி சார் கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் பேசினார். "வேலு, நீரு கோவிச்சுக்கப்படாது. இந்த சீசனுக்கு அந்தப் பிள்ள எழுதுனதைப் போடுவோம். ஓடுச்சுன்னா அலாட்மென்ட் அவ பொறுப்பு. ஓடலன்னா உம்மதுக்கே திரும்பிருவோம்."

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அலாட்மென்ட் போனால் அந்த ஆபீசில் எனக்கு என்ன வேலை? போன் எடுத்து, ஆப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வதா? அந்த வாரம் பஸ்ஸில் போகையில் எல்லாம் ஒரே வேண்டுதல்தான். தண்ணீர் நன்றாக விழ வேண்டும், கூட்டம் அள்ள வேண்டும், அவளுடைய கோடு நடுச் சனிக்கிழமையில் படுக்க வேண்டும்.

பழைய டேட்டாவைப் புதியதற்கு மாற்றும்போது அவள் என்னிடம் ஒன்று கேட்டாள்.

"அண்ணே, யாரு இந்த சாமிநாதன்? சிவகாசின்னு போட்டிருக்கு. சீசன்ல எல்லா சனிக்கிழமையும் புக்கிங் இருக்கு."

"அவரா! நம்ம ரெகுலர் கஸ்டமர்லா" என்றேன். அடிக்கடி புக் செய்கிறவர்களுக்குப் பெயர் பக்கத்தில் ஒரு தங்க நட்சத்திரம் வருகிற மாதிரி நான் செய்து வைத்திருந்தேன். முதல் நட்சத்திரமே சாமிநாதனுக்குத்தான். "இதெல்லாம் கஸ்டமரைத் தெரிஞ்சு வச்சுக்கிடுதது. கான்டெஸ்ட்ல வராது" என்று சேர்த்துச் சொன்னேன்.

"ஒரே ஆளுதான அண்ணே?"

"ஒரே ஆளுதான். நான் சொல்லுதேன்லா."

சனிக்கிழமை

அந்த வாரம் மேற்கே மேகம் இறங்கி, ஐந்தருவியில் ஐந்து கிளையும் விழுந்தது. மெயின் அருவியில் அளவாகத் தண்ணீர், குளிக்கத் தடை இல்லை. வெள்ளிக்கிழமை முழுக்க லாட்ஜ்களில் "தண்ணி விழுதா? தண்ணி விழுதா?" என்று போன். ஜெபாவின் அலாட்மென்ட் சிக்காமல் சிணுங்காமல் ஓடியது. எல்லா ரூமும் விற்றுத் தீர்ந்துவிட்டது. ரவி சார் விசில் அடித்துக்கொண்டு நடந்தார். எனக்குக் காலையில் குடித்த டீ நெஞ்சிலேயே நின்றது.

சனிக்கிழமை காலையில் ஆபீஸ் திறந்து கொஞ்ச நேரம்தான். கீழே கார் வந்து நின்ற சத்தம், மாடிப்படியில் செருப்புச் சத்தம். அண்ணாச்சி மூச்சு வாங்க வாசலில் நின்றார்.

"எங்கலே என் சாமிநாதன்?"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ரவி சார் நாற்காலியை இழுத்துப் போட்டார். அண்ணாச்சி உட்காரவில்லை.

"ஏழு லாட்ஜிலயும் சாமிநாதன் பேருக்கு ரூம் இருக்கணும். ஒரு லாட்ஜ்ல மட்டும் இருக்கு. மத்ததை எல்லாம் எவனெவனுக்கோ வித்துப்புட்டீயளேலே! வாங்குனவன் இப்பம் உள்ள ஈரத் துணியக் காயப்போட்டுட்டு உக்காந்திருக்கான்!"

ஜெபா எழுந்து நின்றாள். "சார், ஒரே ஆளு, ஒரே போன் நம்பர், ஒரே நாள்ல ஏழு லாட்ஜ்ல எப்படித் தங்குவாரு? தப்பா திரும்பத் திரும்பப் பதிஞ்சிருக்காங்கன்னு ஒண்ணை வச்சுட்டு மிச்சத்தை எடுத்துட்டேன்."

"ஏ பிள்ளே! சாமிநாதன்னு ஒருத்தன் பொறக்கவே இல்ல!"

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. குற்றாலத்தில் சீசன் நேரத்தில் தெரிந்தவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார்கள். போலீசில் இருக்கும் சொந்தக்காரர்கள், பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவர்கள், சம்பந்தி வீட்டார். அவர்களிடம் ரூம் இல்லை என்று சொல்ல முடியாது. அதற்காக ஒவ்வொரு லாட்ஜிலும் கீழ்த்தளத்தில் நல்ல ரூம்களைச் சாமிநாதன் பெயரில் போட்டுவைக்க அண்ணாச்சி மேனேஜர்களுக்குச் சொல்லியிருந்தார். யாராவது வந்தால் கொடுப்பது. வராவிட்டால் சாயங்காலம் ரத்து செய்துவிட்டு, கவுண்டரில் நிற்கிறவனுக்கு விற்பது. போன் நம்பர் அண்ணாச்சி வீட்டுப் பழைய நம்பர்.

"புக் பண்ணுவான், வர மாட்டான். அதுதாம்லே அவன் வேலை" என்றார் அண்ணாச்சி. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ வேற அவனுக்குத் தங்க நட்சத்திரம் குத்திவிட்ட. மேனேஜர் பயலுவ எல்லாம் அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு இருக்கே!"

கஸ்டமரைத் தெரிந்து வைத்திருந்த லட்சணம் இதுதான். சந்தோஷப்படலாம் என்று வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டேன்.

"என் தப்புதான் சார்" என்றாள் ஜெபா. "லாட்ஜ்லயே போன் பண்ணிக் கேட்டிருக்கணும். இப்பம் என்ன வேணும் சொல்லுங்க."

நான் சொல்லித்தான் அவள் ஒரே ஆள் என்று முடிவு செய்தாள். அவள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சார், நாந்தான் ரெகுலர் கஸ்டமர்னு சொன்னேன்" என்றேன். என் வாயிலிருந்து அந்த மாதிரிப் பேச்சு வந்ததே புதுசு. ஆனால் அண்ணாச்சி போட்ட சத்தத்தில் அது ஒருத்தர் காதிலும் விழவில்லை.

"என்ன வேணுமா? என் மகளைக் குடுத்த எடம், சம்பந்தி குடும்பம், வேனைப் பிடிச்சு வந்துக்கிட்டு இருக்காவ. திருமங்கலம் தாண்டியாச்சு. மெயின் லாட்ஜ்ல நாலு ரூம் வேணும். சம்பந்திக்கு முட்டுவலி, படி ஏற மாட்டாரு. ரூம் இல்லன்னு அவுக முன்னால நான் நின்னேன்னா, சாயங்காலமே உங்க கம்ப்யூட்டர் எல்லாத்தையும் தூக்கி வெளிய வச்சிருவேன்."

உள்ளே இருக்கும் விருந்தாளியை வெளியே போகச் சொல்ல முடியாது. இனிமேல் வரப்போகிறவர்களைத்தான் இடம் மாற்ற முடியும். ஆனால் ஒருத்தரை மாற்றினால் அந்த இடத்துக்கு உரியவரை இன்னொரு இடத்துக்குத் தள்ள வேண்டும், அவரை இன்னொரு லாட்ஜுக்கு. என் வழி என்றால் மேனேஜர்களை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுக் கெஞ்சுவது. அது முடிவதற்குள் அந்த வேன் தென்காசி வந்து திரும்பிப் போய்விடும்.

ஜெபா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "சார், மாத்தவே கூடாதது எதெதுன்னு மட்டும் சொல்லுங்க."

அண்ணாச்சி முறைத்தார். நான் குறுக்கே புகுந்தேன். "அண்ணாச்சி, எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிற ஆளுகளை மேல் மாடிக்கு அனுப்ப முடியாதுல்லா?"

"ஆமா. படியெல்லாம் எண்ணெயாயிரும். எவனாவது வழுக்கி விழுவான்."

"கைக்குழந்தை வச்சிருக்கவங்க?"

"தண்ணித் தொட்டி இருக்க பக்கம் போடாத. ராத்திரி மோட்டார் சத்தம். செங்கோட்டைப் பக்கத்துல இருந்து ஒரு கல்யாணக் கோஷ்டி வருது, அவங்களைப் பிரிச்சா சண்டைக்கு வந்துருவான்."

நான் கேட்கக் கேட்க அவர் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். எல்லாம் ஒற்றை எழுத்துதான், எக்ஸ் எக்ஸ்கூட வந்தது. அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் கையில் இருந்தால் விரல் தடுமாறும், எனக்குத் தடுமாறும். அவளுக்கு நேரம் குறைவு என்றால்தான் கை சீராக ஓடுகிறது. ஞாயிறுதோறும் கடிகாரத்தோடு உட்கார்ந்து பழகிய கை. அதைப் பார்க்கையில் வயிறு காந்தியது.

முதல் தடவை ஓட்டினாள். கல்யாணக் கோஷ்டியைப் பிரித்துவிட்டது. "ராங் ஆன்சர்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு திருத்தினாள். இரண்டாவது தடவை வந்துவிட்டது. இவரை அங்கே, அவரை இங்கே, அவர் இடத்துக்கு மற்றவர் என்று ஒரு சங்கிலி. நான் போனை எடுத்து, அவள் சொன்ன வரிசையிலேயே மேனேஜர்களுக்குச் சொன்னேன்.

"மூணு ரூம் வந்துட்டு சார்" என்றாள்.

"நாலு கேட்டேன்."

"நாலு வராது சார்."

"நல்லாத் தேடிப் பாரும்மா."

"தேடியாச்சு. எப்படி மாத்துனாலும் மூணுக்கு மேல வராது. இது உறுதி."

அண்ணாச்சிக்குக் கோபம் தலைக்கேறியது. வராது என்று அவருக்கு முகத்துக்கு நேரே சொன்ன ஆள் குற்றாலத்தில் கிடையாது. ரவி சார் என்னைப் பார்த்தார். வராது என்றால் வராது. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது இன்னும் எரிந்தது. அந்த எரிச்சலிலேயே ஒன்று தோன்றியது. அவள் கணக்கு, சாப்ட்வேரில் இருக்கிற ரூமை மட்டும் வைத்து.

"அண்ணாச்சி, மெயின் லாட்ஜ்ல கீழ, ஆபீஸ் ரூமை ஒட்டி, நீங்க மத்தியானம் படுப்பீயல்லா? அந்த ரூமுக்கு நம்பரே கிடையாதே."

அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். "அதுல ஏசி புதுசு" என்றார்.

"உங்க ரூமையே ஒழிச்சுக் குடுத்தீயன்னா சம்பந்திக்கு அதைவிட என்ன மரியாதை வேணும்?"

அண்ணாச்சி போனை எடுத்தார். மெயின் லாட்ஜ் மேனேஜரைக் கூப்பிட்டார். "லே, என் ரூம்ல புது விரிப்பு போடு. என் சட்டையெல்லாம் எடுத்து வீட்டுக்கு அனுப்பு."

வேன் வந்து சேருவதற்குள் நான்கு ரூமும் பெருக்கித் துடைத்து ரெடியாக இருந்தது.

மங்குஸ்தான்

திங்கட்கிழமை அண்ணாச்சியிடமிருந்து ஒரு பெட்டி மங்குஸ்தான் வந்தது. மேலே பேனாவால் "ஜெபா பிள்ளைக்கு" என்று எழுதியிருந்தது. சம்பந்தி நாலு பேரிடம் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னாராம், சொந்த ரூமை விட்டுக் கொடுத்தார் என்று. அந்த யோசனை யாருடையது என்பது அண்ணாச்சிக்கு மறந்துபோயிருந்தது. "அந்தக் கம்ப்யூட்டர் பிள்ள இல்லன்னா அன்னைக்கு மானம் போயிருக்கும்" என்று ரவி சாரிடம் சொன்னாராம். ஜெபா, "கடைசி ரூம் வேலு அண்ணன் சொன்னதுல்லா சார்" என்று ஆபீஸ் முழுக்கச் சொன்னாள். அவள் சொல்லி எனக்குப் பெயர் வரவேண்டியிருக்கிறதே என்று அதுவும் சேர்ந்து எரிந்தது. பழத்தை எல்லாருக்கும் கொடுத்தாள். எனக்கு இரண்டு. ரொம்ப இனிப்பு, பாவிப் பழம்.

அலாட்மென்ட் அவள் பொறுப்புக்குப் போய்விட்டது. என்னுடையதை ரவி சார் நிறுத்திவிட்டார். நிறுத்திய அன்று நான் டீ குடிக்கப் போகாமல் மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலையில் ஒன்றும் இல்லை, மேகம்தான் இருந்தது.

ஜெபா மேலே வந்தாள். "அண்ணே, சாமிநாதனுக்கு என்ன பண்ண? பொய்ப் புக்கிங் இல்லாம, கையிருப்பு ரூம்னே தனியா வச்சிரலாம். ஆனா அதுக்கு விதியெல்லாம் நீங்கதான் எழுதித் தரணும். எப்பம் விடணும், யாரு சொன்னா விடணும்னு."

"நீதான் பொறுப்பாச்சே, நீயே எழுதிக்கோ."

"எனக்கு விடைதான் எழுத வரும் அண்ணே. கேள்வி எழுத வராது. எங்க கான்டெஸ்ட்ல கேள்வி எழுதுதவங்கதான் பெரிய ஆளு. பேரு மேல போட்டிருக்கும்."

ஆறுதல் சொல்கிறாள் என்று தெரிந்தது. என் வயதில் பாதிகூட இல்லாதவள் ஆறுதல் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டோமே என்று இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அப்படித்தான் வேலை நடக்கிறது. நான் ஏழு லாட்ஜிலும் போய் உட்கார்ந்து, அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்து, கேள்வியாக எழுதித் தருகிறேன். தெரிந்ததாக நினைத்துக்கொண்டு ஒன்றையும் எழுதுவதில்லை. அவள் விடை எழுதுகிறாள். இப்போதெல்லாம் விடையை மெஷினே எழுதித் தருகிறது என்கிறார்கள். அவள் அதையும் வாங்கி, எங்கே தப்பு என்று பார்த்துச் சிரிக்கிறாள். அதிலும் அவள்தான் எனக்கு முன்னால் போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை

பிள்ளைகளே, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கான்டெஸ்டில் கேள்வி முழுசாக எழுதி உங்கள் கையில் கிடைக்கும். வேலையில் கிடைக்காது. சாமிநாதன் யார் என்று எந்தக் கேள்வித்தாளிலும் இருக்காது, என்னை மாதிரி ஆளிடம் கேட்டாலும் தப்பாகச் சொல்வான். அது வேறு, இது வேறு என்று நான் சொன்னது அந்த மட்டுக்குச் சரிதான். ஆனால் கணக்கு வேகத்தைவிடப் பெரிதாக ஒன்றை அவள் அங்கிருந்து கொண்டு வந்தாள். "தப்பு" என்று மெஷின் முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லும். ஆயிரம் தடவை சொல்லும். அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு ரோஷம் போய்விட்டது. நாற்காலியை இழுத்துப் போடுவது மட்டும் மிச்சம் இருக்கிறது. எனக்கு அவள் ரேங்க் மேல் இருக்கும் பொறாமையைவிட இதன் மேல்தான் அதிகம். இத்தனை வருஷ வேலை எனக்கு இதைக் கற்றுத் தரவில்லை.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை அவள் என் மேஜைக்கு வந்து நின்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, நேத்து கான்டெஸ்ட்ல தென்காசின்னு ஊரு போட்டு ஒருத்தர் எழுதியிருக்காரு."

"யாரு?"

"சாமிநாதன்."

நான் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொறக்காத ஆளு பொறந்துட்டாரே, எப்படி எழுதியிருக்காருன்னு அவரு கோடைத் திறந்து பாத்தேன். ஒவ்வொரு பேரும் இவ்வளவு நீளம். நடுவுல விளக்கம் வேற எழுதியிருக்காரு. கான்டெஸ்ட்ல யாரு அண்ணே விளக்கம் எழுதுவா?"

"ரேங்க் என்ன?"

"கடைசியில இருந்து பாத்தா சீக்கிரம் வந்துரும். முதல் கணக்கு மட்டும் சரி. அதுக்கு முன்னால வரிசையா ராங் ஆன்சர்."

"மானங்கெட்ட பய" என்றேன்.

"இல்லண்ணே. அத்தனை வாங்கியும் எந்திரிச்சுப் போகலைல்லா" என்றாள். பிறகு, "அடுத்த ஞாயிறும் வருவாரா?" என்று கேட்டாள்.

"அவன் புக் பண்ணுவான், வர மாட்டான். ஊருக்கே தெரியுமே" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவள் போனதும் முந்தின நாள் அவள் எடுத்த ரேங்கைத் தேடிப் பார்த்தேன். வயிறு எரிந்தது, நன்றாகவே எரிந்தது. சாயங்காலம் கடையம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, போனில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கான்டெஸ்டுக்குச் சாமிநாதன் பெயரைப் பதிவு செய்தேன். வருவான்.